பீடி சுற்றும் ஊரில் பீடியை விடவைப்பது: நெல்லைப் பள்ளிகளுக்குப் போகும் புதுத் தொண்டர்களுக்கு

முக்கூடல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான். "சார், எங்கம்மா சுத்துற பீடியத்தான் நான் குடிக்கேன். அவ சுத்துனா தப்பில்ல, நான் குடிச்சா தப்பா?" வகுப்பே சிரித்தது. தொண்டு அமைப்பு ஒன்றின் சார்பில் அழுகிய நுரையீரல் படங்களோடு போயிருந்த எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்தது, தப்பித்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் நம் பக்கத்துப் பள்ளி எதற்கும் போகாதீர்கள். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது, ஆனால் பீடிக்கு எல்லைக்கோடு கிடையாது. மேலப்பாளையம், பேட்டை, வீரவநல்லூர், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் என்று திண்ணைக்குத் திண்ணை மடியில் சுளகு (முறம்) வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் ஊர்கள் இவை. வேறு ஊர்களை மனதில் வைத்து எழுதிய கையேடுகள் இங்கே பாதி தூரம்தான் வரும். ரோட்டரி, லயன்ஸ், ஜூனியர் ரெட் கிராஸ், புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு என எதன் வழியாகவோ இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலில் ஓர் எண்ணிக்கை. 13 முதல் 15 வயதுப் பள்ளி மாணவர்களிடம் 2019-இல் நாடு முழுக்க ஓர் ஆய்வு நடந்தது. அதில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. பீடி குடித்துப் பார்த்தவர்களில் 47 சதவீதம் பேர் பத்து வயது முடியும் முன்பே அதைத் தொட்டிருந்தார்கள். "பிளஸ் டூ பசங்ககிட்ட பேசணும் சார்" என்று பள்ளிகள் நம்மைக் கூப்பிடும். ஆறாம் வகுப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

பள்ளிக்குள் நுழையும் முன்

தலைமையாசிரியரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் அமைப்பின் கடிதத்தாளில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் வருகிறோம், எத்தனை வாரம், எந்த நேரம், என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம். அரசுப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஆரம்பித்தால் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போன மறுநாளே நீங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள்.

அந்தத் தாளில் இருக்கவேண்டிய மிக முக்கியமான வரி இது: எங்களிடம் வந்து ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அதற்காகத் தண்டனை கிடையாது. டிசி கிடையாது, பிரேயரில் நிறுத்துவது கிடையாது, அப்பாவைக் கூட்டிவரச் சொல்வதும் கிடையாது. இதற்குச் சம்மதிக்காத பள்ளியில் வேலையைத் தொடங்கவே வேண்டாம். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், நான் அப்படித் தொடங்கிய ஓரிடத்தில் முதல் வாரம் என்னிடம் பேசிய இரண்டு பையன்கள் மூன்றாம் வாரம் பள்ளியிலேயே இல்லை. மிச்சமிருந்தவர்கள் என்னைக் கண்டால் அடுத்த வராந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

தயங்கும் தலைமையாசிரியரிடம் சட்டத்தை எடுத்துச் சொல்லலாம். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. சட்டம் கை நீட்டுவது கொடுத்தவரை நோக்கி. பையனை விரட்டிவிட்டால் கொடுத்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இன்னொரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக உட்காராதீர்கள். பேச்சு காதில் விழக்கூடாது, ஆனால் ஆள் கண்ணில் படவேண்டும். வேப்பமரத்தடி, நூலக வராந்தா, மைதானத்து ஓரத் திண்டு எல்லாம் இதற்குத் தோதானவை. பெண் பிள்ளைகளோடு பேசப் பெண் தொண்டர் வேண்டும். "பொம்பளப்பிள்ளைய இதெல்லாம் செய்யாதுக" என்று பள்ளியில் சொல்வார்கள். அதே 2019 ஆய்வில் பெண் பிள்ளைகளிலும் 7.4 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள். புகையாகவும் இருக்கலாம், வாயில் ஒதுக்கும் சமாச்சாரமாகவும் இருக்கலாம்.

முதல் நாள்

அழுகிய நுரையீரல் படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஐம்பது வயதில் வரும் புற்றுநோய் பதினான்கு வயதுப் பையனுக்கு வேறு யாருக்கோ வரும் நோய். தாத்தா எழுபது வயது வரை பீடி குடித்ததை அவன் பார்த்திருக்கிறான், அதைச் சொல்லியும் காட்டுவான். ஊர்வலம், உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 அன்று நடக்கட்டும், அதில் குறையில்லை. ஆனால் ஏற்கெனவே குடிக்கிற பையன் அந்த ஊர்வலத்தில் பதாகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு இன்றைக்கு வலிப்பதைப் பேசுங்கள். கபடிதான் நம் பக்கம் சரியான இடம். பாடிப் போகிறவனுக்கு மூச்சு எவ்வளவு தூரம் வருகிறது? எதிர்க்கோட்டைத் தொடும் முன்னே இருமல் முட்டுகிறதா? புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே அது வெளியேறிவிடும். இரண்டே நாளில் ரத்தத்தில் மாற்றம் என்று சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். காசுக் கணக்கு இன்னொன்று. ஒரு சிகரெட் இன்றைக்கு என்ன விலை, வாரத்துக்கு எத்தனை, அதற்கு எத்தனை பரோட்டா சால்னாவோடு கிடைக்கும் என்று அவர்களையே போடச் சொல்லுங்கள். நீங்கள் போட்டுக் காட்டினால் அது பாடம். அவர்கள் போட்டால் சண்டை வரும், சிரிப்பு வரும், கணக்கு மனதில் நிற்கும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் துண்டுச்சீட்டு கொடுங்கள். பெயர் வேண்டாம். மூன்று கேள்வி: எப்போதாவது தொட்டதுண்டா, இப்போதும் உண்டா, விடவேண்டும் என்று தோன்றியதுண்டா? பீடி, சிகரெட் என்று மட்டும் கேட்டால் பாதி தப்பிவிடும். உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் மாதிரியான சின்னப் பொட்டலங்கள் பள்ளிப் பையில் புழங்குகின்றன. 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதைப்பற்றிக் கவலைப்பட்டுக் கேள்வி எழுப்பியது. புகை வராது, வாடையும் அவ்வளவு தெரியாது, வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். ஆகவே சீட்டில் "ஒதுக்குவது" என்ற வார்த்தையையும் சேருங்கள்.

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும். "பேச விரும்புகிறவர்கள் அதில் ஒரு வரி போடலாம், அல்லது வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் இருக்கும் இடத்துக்கு வரலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பெட்டியைத் திறப்பது யார் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வேப்பமரத்தடியில்

முதல் வெள்ளிக்கிழமை யாரும் வரமாட்டார்கள். இரண்டாவது வெள்ளி ஒருவன் வருவான், "சும்மாதான் சார் வந்தேன்" என்பான். அவன்தான் ஆள்.

உட்காரச் சொன்னதும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்லுறத நான் வீட்டுலயும் சொல்ல மாட்டேன், சார்மார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்து, இல்ல யாராவது உன்னத் தொந்தரவு பண்ணுதாங்கன்னா மட்டும் பெரியவங்ககிட்ட சொல்லுவேன். அதையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." காப்பாற்ற முடியாத ரகசியத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் உடைப்பதைவிட எல்லையை முதலிலேயே காட்டிவிடுவது நல்லது.

பிறகு கேளுங்கள். அறிவுரைக்கு அவசரப்படாதீர்கள். பதின்பருவத்தினருக்கென்றே அமெரிக்க ஆய்வாளர்கள் தயாரித்த பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் சாரத்தை நம் பேச்சில் இப்படிக் கேட்கலாம்: விடணும்னு பாத்து விட முடியாமப் போச்சா? ரொம்பத் தேடுதா? பள்ளிக்கூடம் மாதிரி குடிக்க முடியாத இடத்துல இருக்கது கஷ்டமா இருக்கா? குடிக்காதப்ப எரிச்சல் வருதா, பாடத்துல மனசு ஓடலையா? ஒரு கேள்விக்கு "ஆமா" வந்தாலே பிடி விழ ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் குடித்தால்தான் அடிமை என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே பிடித்துவிடும்.

காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்பதைத் தவறாமல் கேளுங்கள். பல் தேய்க்கும் முன்பே வேண்டும் என்கிற பையனுக்கு உங்கள் பேச்சு மட்டும் போதாது, மருத்துவரும் வேண்டும். பள்ளி விட்டுப் போகும்போது கூட்டாளிகளோடு ஒன்று என்கிறவன் வேறு ரகம். அவனுக்குப் பிரச்சினை நிகோடினைவிடக் கூட்டாளிதான்.

நிகோடின் உறிஞ்சிய பத்து நொடியில் மூளைக்குப் போய்ச் சேரும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுற்றுச்சுவருக்கு அந்தப்பக்கம் போய் வந்த பையன் கடைசிப் பீரியடில் ஏன் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான் என்பதற்கு இதுவே பதில். இதைப் பையனிடமும் சொல்லுங்கள், ஆசிரியர்களிடமும் சொல்லுங்கள். "திமிரு பிடிச்சவன்" என்று பெயர் வாங்கியவன் பலநேரம் நிகோடின் இறங்கிய நேரத்தில் மாட்டியவன்தான்.

வீட்டில் சுளகு இருந்தால்

நுரையீரல் படத்தோடு நான் வாயடைத்து நின்ற கேள்விக்கு வருகிறேன். நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை மாதங்கள் கழித்து அந்தப் பையனின் பெரியம்மா வயதுள்ள ஒரு பீடித் தொழிலாளி சொன்னார். "நாங்க ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துதோம். ஒண்ண வாயில வச்சிருப்போமா?"

அதற்குப் பிறகு எந்த வகுப்பில் யார் கேட்டாலும் இதையே திருப்பிக் கேட்கிறேன். "உங்கம்மா வயித்துக்குச் சுத்துதா. அவ குடிக்கலல்லா? நீ எதுக்குக் குடிக்க?" பையன் வாயடைத்துப் போகவேண்டும் என்பதற்காக இதைக் கேட்பதில்லை. அம்மாவை எதிரியாக்காமல் பீடியை மட்டும் விலக்கிப் பேசுவதற்கு இது ஒரு வாசல். புகையிலை பாவம், அதைத் தொடுகிறவர் கொலைகாரர் என்ற பாணியில் பேசினால் பையனுக்குக் கேட்பது அவன் அம்மாவைத் திட்டுவதுதான். அந்த ஆயிரத்தின் கூலியில்தான் அவனுக்கு யூனிபார்ம் தைத்திருக்கிறார்கள்.

வீட்டு விஷயங்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். இலையை ஊறவைப்பது, வெட்டுவது, முனை மடக்குவது, கட்டுக் கட்டுவது என்று பிள்ளைகள் சாயங்காலம் உட்காருவது உண்டு. தூள் நெடி மூக்கிலும் விரலிலும் ஏறியிருக்கும். கடைத்தெருப் பையனுக்குச் சிகரெட் என்பது போய் வாங்கவேண்டிய பொருள். இந்தப் பையனுக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பீடி கிடக்கிறது. அவன் எடுக்கும் இரண்டு மூன்று, எண்ணிக்கையில் குறையும். சுற்றியதை ஒப்படைக்கும் பீடிக் கடையில் கட்டுகளை எண்ணும்போது பேச்சு வாங்குவது அம்மா. ஒரு பையனை நிறுத்தியது எது என்று பின்னால் கேட்டபோது, நோய் எதையும் அவன் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னான்.

அம்மாவோடு பேச வாய்த்தால் பையன் சம்மதத்தோடு போங்கள். போய், பீடி சுற்றுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலையில்லை, மாற்றுத் தொழிலும் உங்கள் கையில் இல்லை. கேட்கவேண்டியவை சின்னச் சின்னவை: சுளகை வாசலில், காற்றோட்டமான இடத்தில் வைக்க முடியுமா, தூள் டப்பாவைப் பிள்ளை படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கலாமா, கடைக்குப் பீடிக்கட்டு வாங்கப் பிள்ளையை அனுப்பாமல் இருக்கலாமா. கடைசிக் கேள்வி அப்பாவுக்கானது. அவருக்குத்தான் அந்தக் கட்டு. முக்கூடலில் பீடித் தொழிலாளர் நல நிதி மருத்துவமனை இருக்கிறது. அட்டை வைத்திருக்கும் அம்மாவுக்கு இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் அங்கே காட்டச் சொல்லுங்கள். பையனைப் பற்றிப் பேச வந்தவர் அம்மாவின் இருமலையும் விசாரித்தார் என்றால் அந்த வீட்டில் உங்களுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் நிச்சயம்.

பீடி இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்ற பேச்சு நம் பக்கம் ஊறிப்போனது. தப்பு. பீடி அணைந்து அணைந்து போகும், அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டியிருக்கும். தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகும்.

நாள் குறித்தல்

பையன் "விடுதேன் சார்" என்று சொன்ன உடனே "சரி, இன்னையிலிருந்து" என்று கையைப் பிடிக்காதீர்கள். ஒரு வாரம் தள்ளி ஒரு நாளைக் குறியுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு அவனுக்கு ஒரே வேலை: ஒவ்வொரு தடவையும் எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் குடித்தான் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வருவது. புள்ளிகளைப் பார்த்தாலே எந்தத் திருப்பத்தில் அவனுக்கு ஆபத்து என்று அவனே சொல்லிவிடுவான்.

தேர்வு வாரம் வேண்டாம். செப்டம்பர் காலாண்டு, டிசம்பர் அரையாண்டு, மார்ச் பொதுத்தேர்வு எல்லாவற்றையும் தவிர்த்துக் குறியுங்கள். ஊர்க் கோவில் கொடை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வில்லுப்பாட்டும் மேளமும் விடிய விடிய நடக்கும், ஊருக்கு வந்திருக்கும் அத்தான்மார் தோளில் கைபோட்டு ஒன்றை நீட்டுவார்கள். கொடைக்கு முந்தின வாரம் குறித்த நாள் எதுவும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

சேர்ந்து குடிக்கிறவர்கள் நான்கு பேர் என்றால் நான்கு பேரையும் சேர்த்தே எடுங்கள். ஒருவனை மட்டும் பிரித்தால் அவன் விடவேண்டியது பீடியோடு சேர்த்து நண்பர்களையும். பதினைந்து வயதில் அந்த விலை கட்டுப்படியாகாது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு குடிக்கிற பையனுக்கு மெல்ல மெல்லக் குறைக்கும் கணக்கும் தேவையில்லை. குறித்த நாளில் நிறுத்துவதே அவனுக்குச் சுலபம்.

நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். எரிச்சல், தலைவலி, தூக்கம் வராமை, பசி எல்லாம் சேர்ந்து வரும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக அடங்கும். இதை முன்பே சொல்லிவைத்தால் "உடம்புக்கு என்னமோ ஆயிட்டு" என்று பயப்படமாட்டான். ஆசை எழும் ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான் நிற்கும், அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். அந்தச் சில நிமிடத்தைக் கடத்த நான்கு வழி சொல்லிக்கொடுங்கள்: கொஞ்சம் தள்ளிப்போடு, மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடு, தண்ணீர் குடி, கைக்கு வேறு வேலை கொடு. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் செய்யும்போது பையனுக்கு மறந்துபோகும். அதனால் ஒத்திகை வேண்டும். பள்ளி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை அவனோடு ஒருநாள் நடந்து போங்கள். "இந்த இடத்துல மணி கூப்பிடுவான், நீ என்ன சொல்லுவ?" என்று கேளுங்கள். "வேண்டாம்ல, கோச் திட்டுவாரு" என்பது "நான் திருந்திட்டேன்" என்பதைவிட நூறு மடங்கு சுலபமாக வாயில் வரும்.

வாய்க்கு ஏதாவது வேண்டும் என்பார்கள். நெல்லிக்காய், பொரிகடலை, சுக்கு, கருப்பட்டி மிட்டாய், தை மாதமென்றால் பனங்கிழங்கு. பனங்கிழங்கை நார் உரித்து மெல்லுவதற்குள் ஆசை இறங்கியே போய்விடும். பாக்கு மட்டும் கூடாது. "புகையிலை இல்லாத வெறும் பாக்குதான சார்" என்று வருவார்கள். பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. மின்சிகரெட்டும் மாற்று இல்லை, 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

தொலைபேசி, ஆஸ்பத்திரி

தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது. காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கட்கிழமை விடுமுறை. தமிழிலும் பேசலாம். 2018 முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே இந்த எண்ணை அச்சடிக்கிறார்கள். ஆனால் பள்ளிப் பையன் பாக்கெட் வாங்குவதில்லை, லூஸில் ஒன்றுதான் வாங்குகிறான். எச்சரிக்கைப் படமும் எண்ணும் கடைக்காரர் டப்பாவிலேயே தங்கிவிடுகின்றன. எனவே எண்ணைச் சின்னச் சீட்டில் எழுதி நீங்கள்தான் கொடுக்கவேண்டும். முதல் அழைப்பை உங்கள் போனிலிருந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்யவையுங்கள். தனியாகக் கூப்பிடச் சொன்ன பையன்களில் பாதிப்பேர் கூப்பிடவே இல்லை, வெட்கம்.

மனம் சோர்ந்து கிடக்கிறான், தூக்கமில்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்கிறான் என்றால் பீடி பிறகு. 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது, மனநல ஆலோசகர் பேசுவார். வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. கஞ்சா பேச்சு வந்தால் நீங்கள் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு, பெரியவர் ஒருவர் துணையோடு போகட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை. புகைக்கும் பழக்கத்துக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு நெருக்கமானது.

நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். அதை நீங்கள் வாங்கிக் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே அது மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம். இந்த வயதில் பேச்சும் கூட இருப்பதும்தான் முதல் மருந்து.

விட்டவன் திரும்பக் குடித்தால்

குடிப்பான். பெரும்பாலும் ஒரு தடவையாவது. நான் ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். "எனக்கு வாக்குக் குடுத்தியே" என்றேன். அந்தப் பையன் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. வாக்கு எனக்குக் கொடுத்ததா என்ன?

இப்போது மூன்றே கேள்விதான். எங்கே, யார் கூட, அதற்குப் பிறகு இன்னொன்று குடித்தாயா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால், நிறுத்திய கணக்கு அப்படியே தொடர்கிறது என்று சொல்லுங்கள், பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். "ஆமா" என்றால் புது நாள் குறியுங்கள். இரண்டாவது முறை நாள் குறிக்கிறவன் முதல் தடவையைவிட விவரமாக இருப்பான், எங்கே சறுக்கும் என்று அவனுக்கே தெரியும்.

கடை

2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவருக்குப் புகையிலை விற்கக்கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது. புகையிலையற்ற கல்வி நிலைய வழிகாட்டுதலின்படி அந்த 100 கெஜத்தை மஞ்சள் கோடு போட்டுக் காட்டவேண்டும். கோடு போடுவது நல்ல வேலைதான், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு செய்தால் இன்னும் நல்லது. கோட்டுக்கு அந்தப்பக்கம் நான்கடி தள்ளிப் பெட்டிக்கடை முளைக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுப்பதற்கு முன் ஒருமுறை கடைக்குப் போய் சர்பத் குடித்துவிட்டுப் பேசுங்கள். "அண்ணாச்சி, யூனிபார்ம்ல வாறவனுக்கு மட்டும் குடுக்காதிய." அவர் சொல்வார், "அப்பாவுக்குன்னு சொல்லி வாங்குதான், நான் என்ன செய்ய?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பாதிப்பேர் அப்பாவுக்காகத்தான் வருகிறார்கள். "அப்பாவையே வரச் சொல்லுங்க, நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று நீங்கள் சொல்ல முடிந்தால், அதற்குப் பிறகு அவருக்கு மறுப்பது எளிது. ஒத்துக்கொள்ளாத கடை என்றால் மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் பள்ளியின் பெயரில் கடிதம் போகட்டும், தொண்டர் பெயரில் வேண்டாம். நீங்கள் நாளையும் அந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். பையன் சொன்னதை வைத்துத்தான் புகார் போனது என்ற சந்தேகம் மட்டும் கடைக்காரருக்கு வரக்கூடாது.

அமைப்பின் பக்கம்

உங்கள் அமைப்பில் ஓர் ஆளாவது முறையாகப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 2002-இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட புகையிலை நிறுத்த மையங்களில் ஒன்றை நடத்திய இடம். 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போதை மீட்பில் பழம் தின்று கொட்டை போட்டது. இப்படிப்பட்ட இடங்களுக்கு எழுதிப் பயிற்சி கேளுங்கள், பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையும் கேளுங்கள்.

படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டும், ஆண்டறிக்கைக்கு வேண்டும் என்று மேலிருந்து கேட்பார்கள். மரத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்குப் பதில் எண் போடுங்கள், பெயரும் எண்ணும் உள்ள தாள் ஒருவரிடம் மட்டும் பூட்டில் இருக்கட்டும். பீடி, சிகரெட் தொழில் நடத்துகிறவர்களின் நன்கொடை எந்தப் பெயரில் வந்தாலும் வாங்காதீர்கள். நம் பக்கம் அது பள்ளிக்கட்டிடமாக, பரிசுக் கோப்பையாக, அன்னதானமாக வரும். ஆள் தெரிந்தவராகத்தான் இருப்பார், மறுப்பது சங்கடம். பணிவாக மறுத்துவிடுங்கள்.

நன்கொடையாளர்கள் "எத்தனை பேர் விட்டார்கள்?" என்று மூன்றாம் மாதமே கேட்பார்கள். "எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள்" என்ற எண்ணிக்கையைக் கொடுங்கள். விட்டவர்களை ஆறு மாதம் கழித்துத்தான் எண்ணவேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் கோடை விடுமுறை வந்துவிடும். அந்த இடைவெளிக்கு ஏப்ரலிலேயே ஏற்பாடு செய்யுங்கள்: மிஸ்டு கால் கொடுக்க ஓர் எண், வாரத்தில் ஒரு சாயங்காலம் ஆற்றங்கரைப் படித்துறையிலோ ஊர் மைதானத்திலோ சந்திப்பு, கொடை எந்தத் தேதியில் என்ற குறிப்பு. ஜூனில் பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை மரத்தடிக்கு நீங்கள் சீக்கிரமே போய்விடுங்கள். பழையவர்களில் யார் வருகிறார்கள், யார் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நின்றவனைத் தேடி அடுத்த வெள்ளிக்கு முன்பே போகவேண்டும்.